ஆறு பட்டனும் மூன்று பட்டனும்

1991-இல் ஒசாகாவின் கேப்காம் நிறுவனம் கொண்டுவந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்ற சண்டை வீடியோ கேமின் ஆர்கேட் பெட்டியில் ஆடுகிறவர் கைக்கு ஒரு ஸ்டிக்கும் ஆறு பட்டனும் இருந்தன. 1993-இன் கடைசியில் டோக்கியோவின் சேகா கொண்டுவந்த ‘விர்ச்சுவா ஃபைட்டர்’ பெட்டியில் ஒரு ஸ்டிக்கும் மூன்று பட்டனும்தான். குத்து, உதை, தடுப்பு. எது சிக்கலான ஆட்டம் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் பட்டனை எண்ணித்தான் பதில் சொல்வார்கள். நான் மூன்று பட்டன் ஆட்டத்தைச் சொல்வேன். கொஞ்ச நஞ்ச வித்தியாசத்தில் அல்ல, வெகு தூரத்தில்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு வசதி வாய்த்தது. 2000-களின் நடுவில் பாளையங்கோட்டையில் பிளேஸ்டேஷன் 2 வைத்து மணிக்கணக்கில் ஆடவிடும் கேம் கடை நடத்தினேன். கடையில் இரண்டு டிஸ்க்கும் இருந்தன. ஒன்று ‘ஹைப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’. 1991 முதல் 1994 வரை வந்த ஐந்து பதிப்புகளில் எதிலிருந்து வேண்டுமானாலும் ஆளை எடுத்து மோதவிடலாம். இன்னொன்று ‘விர்ச்சுவா ஃபைட்டர் 4 எவல்யூஷன்’. ஒரே டிவி, ஒரே ரிமோட், அதே பையன்கள். ஒரு ஆட்டம் எங்கே கஷ்டப்படுத்துகிறது, எங்கே கைகொடுக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று தினமும் பார்த்தேன்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரில் இருந்து தொடங்குகிறேன். அதன் சிக்கலில் பாதி யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதல்ல. 1987-இல் வந்த முதல் ஆட்டத்தின் பெரிய பெட்டியில் பட்டனுக்குப் பதில் இரண்டு ரப்பர் திண்டுகள் இருந்தன. எவ்வளவு பலமாக அறைகிறோமோ அவ்வளவு பலமாகத் திரையில் அடி விழும். இன்னொரு வகைப் பெட்டியில் அந்தத் திண்டுகளின் வேலையைப் பட்டன்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். லேசான குத்து, நடுத்தரக் குத்து, கனத்த குத்து, உதையிலும் அதேபோல் மூன்று. நிலைத்தது இந்த வகைதான். அந்த ஆட்டத்தைச் செய்த தகாஷி நிஷியாமாவும் ஹிரோஷி மட்சுமோட்டோவும் பிறகு எஸ்.என்.கே. நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் பாகத்தை அகிரா நிஷிதானியும் அகிரா யசுதாவும் வடிவமைத்தார்கள்.

முதல் ஆட்டத்தில் ஹடோகென் என்ற தீப்பந்தை நினைத்த நேரத்தில் விடுவது அநேகமாக முடியாத காரியம். ஸ்டிக்கைக் கீழிருந்து முன்பக்கம் கால்வட்டமாகச் சுழற்றிக் குத்தை அமுக்க வேண்டும், நேரம் துல்லியமாக இருக்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் நிஷிதானி குழு இந்தக் கெடுபிடியைத் தளர்த்தியது. விரல் சற்று முந்தினாலும் பிந்தினாலும் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. பட்டனை அமுக்கும்போது வராவிட்டால், விடும்போதாவது வரும். உலகம் முழுவதும் பையன்கள் ஹடோகென் விட்டது இந்தத் தாராளத்தால்தான்.

காம்போ, அதாவது நடுவில் தடுக்க முடியாத தொடர் அடி, பிறந்த கதை இன்னும் சுவையானது. இடையில் காரை உடைக்கும் ஒரு போனஸ் சுற்று வரும். அதில் பிழை தேடிக்கொண்டிருந்த நொரிதகா ஃபுனமிசு, ஒரு அடி முடிவதற்குள் இன்னொரு அடியை நுழைக்க முடிகிறது என்பதைக் கவனித்தார். அந்த நேரக்கணக்கைப் பிடிப்பது கடினம், ஆட்டத்தில் யாருக்கும் இது பயன்படாது என்று எண்ணி, நீக்காமல் மறைந்த அம்சமாக விட்டுவிட்டார்கள். பாய்ந்து வந்து ஒரு உதை, தரை தொட்டதும் கனத்த குத்து, அந்தக் குத்து முடியும் முன்பே ஹடோகென்: மூன்றும் விழுந்தால் எதிராளிக்கு நடுவில் தடுக்க வழி இல்லை. இன்றுவரை பெரும்பாலான சண்டை ஆட்டங்கள் காம்போவை அடித்தளமாக வைத்துக் கட்டப்படுகின்றன. அந்த அடித்தளம் நீக்காமல் விட்ட ஒரு விசித்திரம்.

முதல் பதிப்பில் விட்டுப்போனது அது மட்டுமல்ல. கைல் என்ற அமெரிக்கப் படைவீரனைக் குறிப்பிட்ட வரிசையில் இயக்கினால், தூரத்தில் நிற்பவனைத் தொடாமலேயே தூக்கி எறிவான். எதிராளியைத் தன்னோடு கண்ணுக்குத் தெரியாத விலங்கு போட்டதுபோல ஒட்டிவைத்துக்கொள்வான். பெட்டியையே உறைய வைக்கவும் அவனால் முடிந்தது. இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லை. பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் வாய்வழியாகச் சொல்லிப் பரப்பியது.

தெரு இந்த ஆட்டத்தை மாற்றியதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1992-இல் ‘சாம்பியன் எடிஷன்’ வந்ததும் அதன் சிப்பைத் திருத்திய திருட்டுப் பெட்டிகள் பல இடங்களில் முளைத்தன. ‘ரெயின்போ எடிஷன்’ என்று பேர் பெற்ற அவற்றில் வானத்தில் பறந்துகொண்டே தீப்பந்து விடலாம், வேகமோ தலைதெறிக்கும். கேப்காமின் அமெரிக்கக் கிளையில் இருந்த ஜேம்ஸ் கோடார்ட் அதைப் பார்த்துவிட்டு, நம் ஆட்டத்துக்கும் வேகம் வேண்டும் என்று வாதாடினார். அந்த வருடக் கடைசியில் வந்த ‘டர்போ: ஹைப்பர் ஃபைட்டிங்’ அப்படிப் பிறந்தது. 1993-இல் காம்போ எண்ணிக்கையைத் திரையில் காட்டத் தொடங்கினார்கள். விபத்தாக வந்தது இரண்டே வருடத்தில் சட்டமாகிவிட்டது. 1994-இன் ‘சூப்பர் டர்போ’வில் அடிக்க அடிக்க நிரம்பும் மீட்டரும், நிரம்பினால் கிடைக்கும் பெரிய தாக்குதலும் சேர்ந்தன.

இவ்வளவு சேர்ந்த பிறகும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இன் சிக்கல் இரண்டே இடங்களில் குடியிருக்கிறது என்று சொல்லலாம்: விரலில், தூரத்தில். ரஷ்ய மல்லன் சங்கீஃபின் பெரிய பிடிக்கு ஸ்டிக்கை முழுவட்டம் சுற்ற வேண்டும். வட்டத்தில் மேல்திசையும் வருமே, ஸ்டிக் மேலே போனால் அவன் குதித்துவிடுவானே? அதனால் வேறொரு அடியின் அசைவுக்குள்ளோ, குதித்து இறங்கும் வேளையிலோ சுற்றலை ஒளித்து முடிக்க வேண்டும். இது விரலின் கஷ்டம். தூரத்தின் கஷ்டம் வேறு. ஹடோகென் விடும் ரியூவின் கால் எட்டும் தொலைவு எவ்வளவு, கைலின் கால் எவ்வளவு, அந்த எல்லைக்கு ஒரு நூல் வெளியே நின்று எதிராளியைத் தவறவிடச் செய்து, அவன் நீட்டிய காலையே அடிப்பது. தீப்பந்து விட்டு அவனைக் குதிக்க வைத்து, குதித்தவனைக் கீழிருந்து ஷோர்யூகென் என்ற எழும்பு குத்தால் வீழ்த்துவது. மொத்தச் சண்டையும் இருவருக்கும் நடுவே கிடக்கும் வெற்றுத் தரைக்காக நடக்கிறது.

விர்ச்சுவா ஃபைட்டரில் அந்தத் தரை முக்கியமில்லை. இருவரும் உரசிக்கொண்டு நிற்கும்போதுதான் அந்த ஆட்டமே ஆரம்பிக்கிறது.

அதைச் செய்த யூ சுசுகி அதற்கு முன் சண்டை ஆட்டங்களுக்குப் பேர் பெற்றவர் அல்ல. ‘ஹேங்-ஆன்’, ‘அவுட்ரன்’, ‘ஆஃப்டர் பர்னர்’ என்று ஓட்டவும் பறக்கவும் வைத்தவர். 1992-இல் ‘விர்ச்சுவா ரேசிங்’ ஓடிய அதே மாடல் 1 பலகையில், கார்களுக்குப் பதில் மனிதர்களை முப்பரிமாணத்தில் நிறுத்தினார். தட்டையான நிறத் துண்டுகளால் ஆன முகங்கள், நிலாவில் நடப்பதுபோல் மிதக்கும் குதிப்பு. பார்க்க இன்று எளிமையாகத் தெரியும். தீப்பந்து கிடையாது. சதுர மேடையை விட்டு வெளியே விழுந்தால் தோல்வி. ஆட்டத்தின் எட்டுப் பாத்திரங்களுக்கும் உலகில் உள்ள சண்டைக் கலைகளை ஒட்டிய அசைவுகள். அகிராவுக்குச் சீனத்தின் பாஜிசுவான், வுல்ஃபுக்கு மல்யுத்தம், ஜெஃப்ரிக்குப் பழங்கிரேக்கத்தின் பாங்க்ரேஷன்.

அவர் எடுத்த பெரிய முடிவு என்று நான் நினைப்பது தடுப்புக்குத் தனி பட்டன் வைத்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் அதுவே தடுப்பு. பின்வாங்குவதும் தற்காப்பும் ஒரே சைகை. சுசுகி இதைப் பிரித்தார். தடுப்பு பட்டன் வந்ததும் ஸ்டிக் முழுக்க விடுதலையாகிவிட்டது. எட்டுத் திசையையும் நடக்க, பாய, குனிய, பின்னாளில் விலகவும் பயன்படுத்தலாம். போட்ட உதையைத் தடுப்பு பட்டன் தட்டிப் பாதியில் நிறுத்தி, ஏமாற்றாகவும் ஆக்கலாம். ஒரு பட்டனில் இவ்வளவு வேலை.

அடுத்து உயரம். அடிகள் மேல், நடு, கீழ் என மூன்று வகை. மேலடி குனிந்தவன் தலைக்கு மேல் போய்விடும். நடு அடி குனிந்து தடுப்பவனையும் உடைக்கும். கீழடி நின்று தடுப்பவன் காலில் விழும். சாதாரண எறிதல் நிற்பவனை மட்டுமே பிடிக்கும். நின்று தடுத்தால் எறியப்படலாம், அதற்குப் பயந்து குனிந்தால் நடு அடி வாங்கலாம். தொட்டுக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு கணமும் இந்தக் கேள்வி இருவர் முன்னும் நிற்கிறது.

யார் முதலில் கேள்வி கேட்பது? இங்கேதான் ஃப்ரேம், அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு தனிப்படம், வருகிறது. 1994-இன் இரண்டாம் பாகத்தில் இருந்து ஆட்டம் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடியது. ஒரு அடியை நீங்கள் போட, அவன் தடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் கை முதலில் விடுபடுகிறது என்பது அந்த அடிக்கே உரிய ஒரு எண். நீங்கள் மூன்று ஃப்ரேம் பின்தங்கலாம், ஐந்து பின்தங்கலாம். சதுரங்கத்தில் அடுத்த நகர்வு யாருடையது என்பதுபோல, அந்த எண்தான் முறை யாருக்கு என்று தீர்மானிக்கிறது. நான்காம் பாகத்தில் எறிதல் பிடிக்க எட்டு ஃப்ரேம் ஆகும். ஆகவே நின்ற நிலையில் எட்டு அல்லது அதற்கு மேல் பின்தங்கும் உங்கள் அடியை எதிராளி தடுத்துவிட்டால், அவன் பிடியிலிருந்து நீங்கள் விலகித் தப்ப முடியாது. பிடித்த பிடியை அவிழ்க்கும் வழி மட்டும்தான் மிச்சம். ஏழு என்றால் வாய்ப்பு இருக்கிறது. ஒரு ஃப்ரேமில், அதாவது நொடியில் அறுபதில் ஒரு பங்கில், கதை மாறுகிறது. ஒவ்வொரு பாத்திரத்தின் ஏராளமான அடிகளில் எதற்கு என்ன எண் என்று மனதில் வைத்திருந்தால்தான் இந்த ஆட்டத்தில் பேச்சே தொடங்கும்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரிலும் ஃப்ரேம் உண்டுதானே என்று கேட்பார்கள். உண்டு. ஆனால் அங்கே தடுத்த பிறகு இருவரும் பெரும்பாலும் விலகித் தள்ளப்பட்டுவிடுவார்கள், சண்டை மறுபடி தூரத்துக்கே திரும்பிவிடும். இங்கே திரும்பிப் போக இடமில்லை.

பின்தங்கி நிற்பவன் என்ன செய்வான்? நான்காம் பாகத்தின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த பதிலை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. ஸ்டிக்கை மேலோ கீழோ தட்டிப் பக்கவாட்டில் விலகு. அந்த விலகலுக்குள்ளேயே எறிதலை அவிழ்க்கும் கட்டளையைப் போடு. அது முடிந்ததும் தடுப்பைப் பிடி. நேராக வரும் அடி விலகலில் தவறும், எறிய வந்தால் பிடி அவிழும், தாமதித்து அடித்தால் தடுப்பில் விழும். எறிதலை அவிழ்க்க, அவன் போட்ட கட்டளையின் கடைசித் திசை எது என்று ஊகித்து அதே திசையைக் கொடுக்க வேண்டும். ஒன்றல்ல, இரண்டு மூன்று திசைகளை அடுக்கிப் போடுகிறவர்கள் இருந்தார்கள். இவ்வளவும் அரை நொடிக்குள். திரையில் என்ன தெரியும்? ஒருவன் லேசாகப் பக்கத்தில் ஒரு அடி நகர்ந்து நின்றான் என்று தெரியும். அவ்வளவுதான்.

விரலுக்கும் அங்கே பரீட்சை இருந்தது. அகிராவின் முழங்கால் உதைக்கு, உதையையும் தடுப்பையும் ஒன்றாக அமுக்கி, தடுப்பை மட்டும் ஒரே ஃப்ரேமுக்குள் விட்டுவிட வேண்டும். ஹடோகெனுக்குக் கிடைத்த தாராளம் இதற்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் சேர்ந்த குடிகார முதியவர் ஷுன் டி ஆட்டத்துக்கு நடுவே மது குடிப்பார். எத்தனை கோப்பை என்று திரையில் கணக்கு ஏறும், ஏற ஏறத்தான் சில அடிகள் அவருக்குத் திறக்கும். பாய் என்ற வீராங்கனை போன்ற எடை குறைந்தவரைத் தூக்கி அடிக்கும் காம்போ, வுல்ஃப் போன்ற கனத்தவரிடம் பலிக்காது. இருவரும் எந்தக் காலை முன்வைத்து நிற்கிறார்கள் என்பதால்கூடக் காம்போ மாறும்.

பட்டன் கணக்கு எதையும் சொல்லாது என்பதற்கு இந்தத் தொடருக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. 1996-இன் மூன்றாம் பாகத்தில் விலகுவதற்கென்று நான்காவது பட்டன் சேர்த்தார்கள், மேடைகளை மேடும் பள்ளமுமாக்கினார்கள். 2001-இன் நான்காம் பாகத்தில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். மறுபடி மூன்று பட்டன், சமதளம். ஆட்டமோ முன்னைவிட ஆழமாகிவிட்டது. விலகல் ஸ்டிக்குக்கு வந்ததால்தான் நான் மேலே சொன்ன அந்த அடுக்குத் தற்காப்பே பிறந்தது.

ஜப்பானில் இதைக் கொண்டாடினார்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டைப் பெட்டிகளில், எதிரே யார் என்று தெரியாமல் ஆடுவது அங்கே வழக்கம். இரண்டாம் பாகத்தின் காலத்தில் ஊர்ப் பெயரும் ஆட்டப் பாத்திரத்தின் பெயருமாகச் சேர்ந்து ஷின்ஜுகு ஜாக்கி, இகெபுகுரோ சாரா, கஷிவா ஜெஃப்ரி என்று ஆட்டக்காரர்கள் புகழ் பெற்றார்கள். நான்காம் பாகத்தில் ஆளுக்கொரு அட்டை. செருகினால் உங்கள் வெற்றி தோல்வியும் தரமும் கூடவே வரும். அமெரிக்காவில் இந்த அளவுக்கு அது ஒருபோதும் வேர்பிடிக்கவில்லை. 1994-இல் ‘டெக்கன்’ வந்ததும் முப்பரிமாணச் சண்டை என்றால் அதுதான் என்றாகிவிட்டது. அதை இயக்கிய செய்ச்சி இஷீ, முதல் விர்ச்சுவா ஃபைட்டரை வடிவமைத்தவர்களில் ஒருவர்.

விர்ச்சுவா ஃபைட்டர் வெளியே வேர்பிடிக்காத காரணத்தை நான் என் கடையில் கண்டேன். பள்ளி விட்டு வரும் பையன்களில் பலர் வீட்டில் கேசட் செருகும் பழைய டிவி கேமில் ஆடிப் பழகியவர்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டரைப் போட்டுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் ஒருவன் தற்செயலாக ஹடோகென் விட்டுவிடுவான். கடையே கத்தும். “அண்ணே, எப்படிண்ணே வந்துச்சு?” என்று கேட்பான். கீழே, முன்னே, குத்து என்று காட்டுவேன். மறுநாள் அவன் இன்னொருவனுக்குக் காட்டுவான். விர்ச்சுவா ஃபைட்டரிலும் கண்டபடி அமுக்கினால் அழகான அடிகள் வரத்தான் செய்யும். ஆனால் தோற்றவன் ஏன் தோற்றான் என்று அவனுக்குத் தெரியாது. “நான்தான் முதல்ல அமுக்குனேன், அவனுக்கு ஏம்ணே விழுது?” என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். நீ ஐந்து ஃப்ரேம் பின்னால் இருந்தாய் தம்பி என்பதை நான் எதைக் காட்டி விளக்குவது?

ஸ்ட்ரீட் ஃபைட்டரின் கஷ்டம் கண்ணுக்குத் தெரியும். அதைத்தான் பார்வையாளர்கள் உலகெங்கும் காதலித்தார்கள். 2004-இல் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடந்த இவோ என்ற சண்டை ஆட்டப் போட்டியில் டைகோ உமெஹாராவின் கென் ஒரு நூல் உயிரோடு நிற்க, ஜஸ்டின் வாங்கின் சுன்-லீ தன் பெரிய தாக்குதலை ஏவினாள். ஆட்டம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்’. சாதாரணமாகத் தடுத்தால்கூட உயிர் போய்விடும். பதினைந்து உதையையும் உமெஹாரா ஒவ்வொன்றாக ஸ்டிக்கை முன்பக்கம் தட்டித் தட்டி முறியடித்து, திருப்பி அடித்து வென்றார். கூட்டம் எழுப்பிய சத்தத்தை வீடியோவில் இன்றும் கேட்கலாம். ஆட்டம் தெரியாதவருக்கும் அங்கே ஏதோ அசாத்தியம் நடந்தது என்று புரியும். ஷின்ஜுகுவில் எத்தனையோ இரவுகளில் அதற்குக் குறையாத தற்காப்பை ஆடியவர்கள் இருப்பார்கள். பக்கத்தில் நின்றவருக்கு அது ஒரு சிறு நகர்வாக மட்டுமே தெரிந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத கஷ்டத்துக்கு ஆசிரியர் வேண்டும். அந்தக் கடமையை சேகா ஒரு முறை மிக நன்றாகச் செய்தது. 2003-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த எவல்யூஷன் டிஸ்க்கில் உள்ள பயிற்சிப் பகுதியைப் போல ஒரு பாடநூலை நான் வேறெந்த ஆட்டத்திலும் கண்டதில்லை. எறிதலை எப்படி அவிழ்ப்பது, எப்போது விலகுவது, எந்த அடிக்குப் பின் எது நிச்சயம் என்று படிப்படியாகச் செய்துகாட்டி, நம்மைச் செய்யவைத்து, சரியா என்று சொல்லும். ஜப்பானிய ஆர்கேடுகளின் தேர்ந்த ஆட்டக்காரர்களைப் பார்த்து வார்த்த கணினி எதிரிகளோடு மோதவும் விடும். கடை சாத்திய பிறகு நான் கற்றது முழுக்க அங்கேதான். பாளையங்கோட்டையில் எனக்கு எதிராட வேறு ஆள் இல்லை.

இன்று ஸ்ட்ரீட் ஃபைட்டர் விரலின் கஷ்டத்தையும் விலக்கி வைக்கத் தயாராகிவிட்டது. 2023-இல் வந்த ஆறாம் பாகத்தில் ‘மாடர்ன்’ என்ற வகையைத் தேர்ந்தால் ஒரு பட்டனில் ஹடோகென் வரும். நான் அதை வரவேற்கிறேன், ஏனென்றால் தூரம் என்ற நிஜக் கேள்வி அப்படியே இருக்கிறது. ஆனால் சண்டை ஆட்டத்தின் வரலாறு என்று எழுதுகிறவர்கள் 1991-க்கு ஒரு அத்தியாயமும், 1993-க்கு முப்பரிமாணம் வந்த வருடம் என்று ஒரு வரியும் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. சுசுகியின் சாதனை முப்பரிமாணப் படம் அல்ல. இரண்டு பேர் தொட்டுக்கொண்டு நிற்கும் அந்தக் கணத்தை முழு ஆட்டமாக விரித்ததுதான்.

‘விர்ச்சுவா ஃபைட்டர் 5 ரெவோ’ 2025 ஜனவரியில் கணினிக்கு வந்திருக்கிறது. இணையத்தில் எதிராட ஆள் கிடைக்கிறார்கள். வாங்குகிற தம்பி தங்கைகள் நேராகச் சண்டைக்குப் போக வேண்டாம். பயிற்சிப் பகுதியில் ஃப்ரேம் எண்ணைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஒரே ஒரு அடியை எடுத்து, எதிராளியைத் தடுக்க வைத்து, நீங்கள் எத்தனை பின்தங்குகிறீர்கள் என்று பாருங்கள். பிறகு அடுத்த அடி. காம்போவை அப்புறம் பழகிக்கொள்ளலாம்.